தூக்கத்தில் கத்திக் கைவீசி அடிக்கும் அப்பா: பேயா, மனநோயா?

கேள்வி: அறுபது தாண்டிய என் அப்பா விடியப்புறத்தில் தூக்கத்திலேயே கத்துகிறார், பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவை அடிக்கிறார். காலையில் ஒன்றும் தெரியாது என்கிறார். பேய் பிடித்ததா, மனநோயா?

பதில்: நீங்கள் எழுதாமல் விட்டதை நான் சொல்லட்டுமா? அக்கம்பக்கத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

நாங்கள் திருகோணமலையில் திருக்கடலூர். அப்பா ஆயுள் முழுக்கக் கரைவலை இழுத்தவர், பகலில் பூனையைக்கூட அதட்ட மாட்டார். அந்த மனுசன் ஒரு விடியப்புறம் "மடி கிழியுது, பிடியடா!" என்று கத்திக்கொண்டு முழங்கையால் இடித்ததில் அம்மாவுக்குக் கண்ணுக்குக் கீழே வீங்கிவிட்டது. நான் ஓடிப்போய் லைட்டைப் போட்டால், கண்ணை மூடியபடி அம்மாவின் போர்வையை இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருக்கிறார். தள்ளி நின்று "அப்பா" என்று கூப்பிட்டதும் உடனே தெளிந்தார். கனவில் சூடை மீன் அள்ளுகொள்ளையாகப் பட்டிருந்ததாம், எழுப்பிக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு ஏச்சு. பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த நாள் கடைக்குப் போன அம்மாவைக் கண்ட சனம், கிழவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டது. அப்பா வெற்றிலை தவிர வேறு எதையும் தொடாதவர். பார்வை பார்த்து நூல் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். அம்மாவுக்கு அது ஆறுதல், குறை சொல்ல மாட்டேன். அப்பாதான் நூலோடும் வலை இழுத்தார்.

நரம்பியல் கிளினிக்கில் டொக்டர் அப்பாவிடம் அதிகம் கேட்கவில்லை, அம்மாவிடம்தான் கேட்டார். எந்த நேரத்தில் வருகிறது? எழுப்பினால் தெளிவாரா? கனவைச் சொல்வாரா? அப்புறம் விளக்கினார். தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் கூட. விடியும் பக்கம், கண்மணி வேகமாக அசையும் ரெம் தூக்கம் கூட. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் வரும். அந்த நேரம் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு உடம்புத் தசைகளுக்குப் பூட்டுப் போட்டுவிடும், மூச்சும் கண்ணும் மட்டும் தப்பும். அப்பாவுக்கு அந்தப் பூட்டு விழவில்லை. இதற்கு ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர். நம் ஊரில் அமுக்குப் பேய் என்கிறோமே, அது இதற்கு நேர் எதிர்: ஆள் விழித்த பிறகும் பூட்டுத் திறக்காமல் கிடப்பது. தூக்கத்தில் எழுந்து நடப்பது வேறு, ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. அவர்களைத் தெளியவைப்பதே கஷ்டம். அப்பா மாதிரி ரெம் கோளாறு உள்ளவரோ எழுப்பினால் உடனே தெளிந்து கனவைச் சொல்வார். ஆகவே காலையில் கேட்டுப் பயனில்லை, அந்த நேரமே எழுப்பிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து நானும் தேடி வாசித்தேன். பிரான்சில் மிஷெல் ஜுவே என்பவர் பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு பகுதியைச் சேதப்படுத்த, அவை தூங்கியபடியே இல்லாத இரையின் மேல் பாய்ந்தனவாம். மனிதரில் இதைத் தனி நோயாக 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் குழுவினர் விவரித்தார்கள். கண்டுபிடிக்கப்படுபவர்களில் ஐம்பது தாண்டிய ஆண்கள்தான் அதிகம். கனவில் அடிக்கிறவர் விழித்திருக்கும்போது முரடர் என்று அர்த்தமே இல்லை. அதைத்தான் எங்கள் தெருவுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நான் டொக்டர் இல்லை, தெரியும். "போரும் சுனாமியும் கண்ட ஊர், இது மனக்காயம்" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். மனக்காயத்தாலும் பயங்கரக் கனவு வரும், மறுக்கவில்லை. ஆனால் திருகோணமலைக்காரன் தும்மினாலும் போர்தான் காரணம் என்று வெளிநாட்டிலிருந்து சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை. கனடாவில் உள்ள எங்கள் மாமா ஒருவர் இதைத்தான் சொன்னார், அதுவும் எங்களுக்கு நடுச்சாமத்தில் போன் எடுத்து.   சரி, அதை விடுவோம்.

பாரமான விசயம் ஒன்று உண்டு. இந்தக் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு வருடங்கள் கழித்து, கைகால் நடுங்கி உடம்பு இறுகும் பார்க்கின்சன் நோயோ அதற்கு உறவான மறதி நோயோ வருகிறது. வாசம் பிடிபடாமல் போவது, தீராத மலச்சிக்கல் இருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளாலும் இது கிளம்பலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டுத் திமிறுவதும் இதே மாதிரித் தெரியும். அதனால்தான் இரவு முழுக்கத் தூங்க வைத்துச் செய்யும் பரிசோதனை தேவைப்படுகிறது. இதற்கு மெலட்டோனின் அல்லது குளோனசெபாம் என்ற மருந்து கொடுக்கிறார்கள். இரண்டாவது, குறட்டைக்காரருக்கும் தள்ளாடும் வயதானவருக்கும் ஆபத்தாகலாம். பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: கட்டிலை விட்டு மெத்தையைத் தரையில் போடுங்கள், கண்ணாடிச் சாமான், கத்தி எதுவும் எட்டும் தூரத்தில் வேண்டாம். அம்மா வேறாகப் படுப்பது நல்லது. எங்கள் அம்மா மாட்டேன் என்றுவிட்டார், இடையில் இரண்டு தலையணை வைத்ததுதான் மிச்சம். அலுமாரி மேல் போனை வைத்து ஒரு வீடியோவும் எடுங்கள். கிளினிக்குக்கு அப்பாவைத் தனியே அனுப்பாதீர்கள், அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.