பென்ஷன் வாங்குகிறவர்கள் கேட்ட கேள்விகள்

கும்பகோணம் பக்கம் தபால் துறையில் 38 வருஷம் வேலை பார்த்து, சப் போஸ்ட்மாஸ்டராக 2012-ல் ஓய்வு பெற்றவன் நான். வயது 73. பென்ஷன் படிவம் நிரப்ப நாலு பேருக்கு உதவப் போய், இப்போது வீட்டுச் சண்டை வரைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். சரி, தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

சார், ரிட்டயர் ஆகி மூன்று மாசம். காலையில் குளித்துச் சட்டை போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதற்கு மேல் எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. (திருச்சி)

மூன்று மாசம்தானே, எனக்கு ஆறு மாசம் பிடித்தது. மணி ஒன்பதானால் கை தானாகச் சாவிக்கொத்தைத் தேடும். தபால் ஆபீசில் காலை முதல் வேலை முத்திரையில் தேதியை மாற்றுவது. குட்டி எழுத்துகளை எடுத்துச் செருகி, மையில் ஒற்றி, அதற்கென்று வைத்திருக்கும் நோட்டில் ஒரு குத்து குத்திப் பார்த்த பிறகுதான் கவுண்டர் திறக்கும். அத்தனை வருஷம் தேதி மாற்றியவனுக்கு, வீட்டில் உட்கார்ந்ததும் இன்றைக்குச் செவ்வாயா புதனா என்றே குழம்பிப் போனது.

வீட்டில் தினசரிக் காலண்டர் தாளை மருமகள்தான் கிழிப்பாள். ஒருநாள் "அதை என்கிட்ட விட்டுடும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டாள். அன்றிலிருந்து கிழிப்பது நான். ராகுகாலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு (நம்பிக்கை கிடையாது, கண் போகிறது), தாளின் பின்பக்கத்தில் பால் எத்தனை பாக்கெட், வீட்டுக்கு யார் வந்தார்கள், மழை பெய்ததா என்று இரண்டு வரி எழுதிக் கம்பியில் குத்தி வைப்பேன். பதின்மூன்று வருஷத் தாள் பரணில் கிடக்கிறது. பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்லி என் மனைவி அவ்வப்போது மிரட்டுவாள். நீங்களும் வீட்டு வேலை ஒன்றை உங்கள் பேரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் பில், ரேஷன், பேத்தியை வேனில் ஏற்றுவது, எதுவானாலும் சரி. நீங்கள் செய்யாவிட்டால் அது நடக்காமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணா, இதற்கு மறுபக்கம் கேளுங்கள். இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து அடுப்படியிலேயே நிற்கிறார். எண்ணெய் ஏன் இவ்வளவு, குழம்புக்கு ஏன் இரண்டு பாத்திரம் என்று ஒரே கேள்வி. (மதுரை)

தலைமை அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருகிறவர்களை எப்படிச் சமாளித்தோமோ அப்படித்தான் தங்கச்சி. நிற்க விடக்கூடாது, கையில் வேலையைக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். முருங்கைக்கீரை இரண்டு கட்டு ஆயச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சத்தமே வராது.

அம்மாவுக்கு 82. குடும்ப பென்ஷன் வருகிறது. போன வருஷம் உயிர்வாழ் சான்றுக்கு வங்கிக்குக் கூட்டிப்போனால் கைரேகை மெஷினில் விழவே இல்லை. நாலு தடவை நடந்தோம். (தஞ்சாவூர்)

பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கியிருக்கும், பாவம். அம்மாவை எங்கேயும் அலைக்கழிக்க வேண்டாம். 2014-ல் ஜீவன் பிரமாண் (ஆதாரை வைத்து உயிர்வாழ் சான்றை டிஜிட்டலில் தரும் முறை) வந்தபோது கைரேகை, கருவிழி என்றுதான் இருந்தது. 2021-லிருந்து முகத்தைக் காட்டினாலே போதும். உங்கள் போனில் ஜீவன் பிரமாண் செயலி, ஆதாரின் முக அடையாளச் செயலி இரண்டையும் இறக்கிக்கொண்டு, அம்மாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். பிபிஓ எண் (பென்ஷன் உத்தரவில் இருக்கும் எண்), ஆதார், வங்கிக் கணக்கு எண் கைவசம் இருக்கட்டும். அதுவும் சிரமம் என்றால் தபால்காரரை வீட்டுக்கே வரச்சொல்லலாம், 70 ரூபாய் வாங்குவார்கள். அம்மா வாங்குவது மத்திய அரசு பென்ஷன் என்றால், 80 தாண்டியவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியே வாசல் திறந்துவிடும், நவம்பர் கூட்டத்தில் போய் நிற்க வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் முதியோர் பென்ஷன் மணியார்டரில்தான் வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றுவார் தபால்காரர். அவரே பணம், அவரே உயிர்வாழ் சான்று!

ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமாக வந்திருக்கிறது. ஃபிளாட் வாங்கப் பையன் கேட்கிறான். கொடுக்கலாமா மாமா? (சென்னை)

கொடுக்கலாம், முதலில் உங்கள் சோற்றுக்கு எடுத்து வைத்துவிட்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலுக்கு முன்னால் 15 லட்சம்தான். 8.2 சதவீத வட்டிக்கு, முப்பது லட்சத்துக்கு மூன்று மாசத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வரும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்தால் வெட்டுவார்கள், அந்த வெட்டும் ஒருவகையில் நல்லதுதான். பையன் அவசரமாகக் கேட்கும்போது "மாட்டிக்கிச்சுப்பா" என்று சொல்ல ஒரு காரணம் இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இருக்கிற வீட்டை எழுதிக் கொடுப்பதாக இருந்தால், "எங்களைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்கிற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை பார்க்காமல் விட்டால், 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த ஒரு வரிதான் பிடிமானம். எழுதச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காலை மூன்றரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. (கோவை)

மத்தியானம் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லையே! சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்துதான் தூக்கம் கெடுகிறது என்றால் டாக்டரிடம் போங்கள், வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

மகள் அமெரிக்காவுக்கு வா வா என்கிறாள். ஆறு மாசம் அங்கே என்ன செய்வது? (சேலம்)

என் சின்னவன் நியூஜெர்சியில் இருக்கிறான், இரண்டு தடவை போய் வந்தேன். முதல் தடவை ஜன்னலே கதி. ஒரே சுவாரசியம் தபால் வண்டிதான். அந்த ஊரில் எல்லா வண்டிக்கும் ஸ்டீயரிங் இடதுபக்கம், தபால் வண்டிக்கு மட்டும் நம் ஊர் மாதிரி வலதுபக்கம், இறங்காமலே கையை நீட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவதற்காக. நாம் அனுப்ப வேண்டிய கடிதத்தையும் நம் வீட்டுப் பெட்டியிலேயே வைத்து, பக்கத்தில் இருக்கும் குட்டிச் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டால் அவரே எடுத்துக்கொள்வார். இது தெரிந்த பிறகு கொடியைத் தூக்குவதற்காகவே வாரம் ஒரு கடிதம் எழுதினேன். போய்விட்டு வாருங்கள், ஆனால் குளிர்காலத்தில் வேண்டாம். மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குப் பணம் தருவார்களா என்று மகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும் தேதியை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாசத்துக்கு ஒரு நண்பர் போய்விடுகிறார். வாட்ஸ்அப்பில் 'ஓம் சாந்தி' போட்டுப் போட்டு அலுத்துவிட்டது அய்யா. (மயிலாடுதுறை)

நான் போடுவதை நிறுத்திவிட்டேன். ஐம்பது காசு கார்டு ஒன்று எடுத்து, போனவரைப் பற்றி வீட்டார் அறியாத ஏதாவது ஒரு விஷயத்தை எழுதி அனுப்புகிறேன். அழுகை, ஆறுதல் எதுவும் எழுதுவதில்லை.

ரயில் தபாலில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் போன வருஷம் காலமானார். ராத்திரி வண்டியில் கடிதம் பிரிக்கும்போது தூக்கம் வராமல் இருக்க ஊர்ப் பெயர்களையே ராகம் போட்டுப் பாடுவார்: மாயவரம், குத்தாலம், நரசிங்கன்பேட்டை, ஆடுதுறை என்று. அதை எழுதிப் போட்டேன். நாலு நாள் கழித்து அவர் மகள் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் அப்பா அதையேதான் முணுமுணுத்தாராம். பிதற்றுகிறார் என்று டாக்டரும் சொன்னாராம், இவர்களும் அப்படித்தான் நினைத்தார்களாம்.

"எது வரைக்கும் வந்தார்?" என்று கேட்டேன்.

"திருவிடைமருதூர்" என்றாள்.