மாம்பழ மார்கரிட்டா ஏன் மில்க் ஷேக் போல ஆகிவிடுகிறது?

கேள்வி: டெக்சாஸில், டாலஸை அடுத்த பிளேனோவில் வசிக்கிறோம். உணவகத்தில் குடித்த மாம்பழ மார்கரிட்டா பிடித்துப்போனதால் வீட்டில் இருமுறை செய்து பார்த்தேன். இந்தியக் கடையில் வாங்கிய மாங்கூழ் டின், டெக்கீலா, புட்டியில் வரும் மார்கரிட்டா மிக்ஸ், ஐஸ் ஆகியவற்றைப் பிளெண்டரில் போட்டு அடித்தேன். முதல் முறை மில்க் ஷேக் போலத் திகட்டியது. மறுமுறை ஐஸைக் கூட்டினேன், வெறும் தண்ணீராகிவிட்டது. வரும் சனிக்கிழமை பன்னிரண்டு பேர் விருந்துக்கு வருகிறார்கள். இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். எடுக்கலாமா? முந்தின நாளே செய்து உறைபெட்டியில் வைக்க முடியுமா?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. நீங்கள் வாங்கிய மிக்ஸ் புட்டியில்தான் குறை இருக்கிறது. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை அல்லது சோளப்பாகு, பிறகு சிட்ரிக் அமிலம், பச்சையோ மஞ்சளோ ஒரு நிறமி என்று இருக்கும். எலுமிச்சைச் சாறு பெரும்பாலும் கடைசி வரிகளில் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தியக் கடையில் விற்கும் அல்போன்சா அல்லது கேசர் மாங்கூழ் டின்களிலும் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தே அடைத்திருப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை இனிப்புக் கூழில் ஊற்றினால் திகட்டாமல் வேறென்ன செய்யும்? அதைத் தணிக்க ஐஸைக் கூட்டியபோது இனிப்போடு மணமும் காரமும் சேர்ந்து நீர்த்துவிட்டன. புளிப்பு முதலிலேயே இல்லாததால், நீர்த்த பிறகு நாக்கில் நிற்க எதுவும் மிஞ்சவில்லை.

மார்கரிட்டா என்பது அடிப்படையில் மூன்றே பொருள்கள்தான்: டெக்கீலா, ஆரஞ்சுத் தோலின் மணமேறிய இனிப்பு மது, எலுமிச்சைச் சாறு. மதுக்கலவையாளர்களின் பன்னாட்டுச் சங்கம் வைத்திருக்கும் அளவு முறையே 50, 20, 15 மில்லி. இதில் பழத்தைச் சேர்க்கும்போது பலரும் செய்யும் பிழை, பழம் வந்துவிட்டதே என்று எலுமிச்சையைக் குறைப்பது. பழம் இனிப்பைக் கொண்டுவருகிறது. ஐஸ் நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. இரண்டுக்கும் ஈடுகொடுக்க எலுமிச்சை ஏற வேண்டும். மாம்பழ மார்கரிட்டாவில் ஒரு கோப்பைக்கு 15 மில்லியை 30 மில்லியாக ஆக்குங்கள். பழம் சர்க்கரையின் இடத்தைத்தான் பிடிக்க வேண்டுமே ஒழிய, எலுமிச்சையின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

எலுமிச்சை என்று நான் எழுதுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் குவித்திருக்கும் மஞ்சள் நிறக் காயையும் பச்சை நிறக் காயையும் நாம் எலுமிச்சை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உங்களுக்கு வேண்டியது பச்சை. அங்கே பரவலாகக் கிடைக்கும் பெரிய, விதையில்லாத பச்சைக் காய் ஒன்றிலிருந்து சுமார் 30 மில்லி சாறு, அதாவது இரண்டு மேசைக்கரண்டி வரும். மெக்சிகர்கள் நடத்தும் மளிகைக் கடைக்குப் போனால் கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய, விதையுள்ள, தோல் மெல்லிய சிறு காய் கிடைக்கும். நம் ஊர் எலுமிச்சை அதுதான். மணம் அதில்தான் கூடுதல், ஆனால் பன்னிரண்டு பேருக்குப் பிழிய வேண்டுமென்றால் கை வலிக்கும். எதை வாங்கினாலும் அன்றைக்குப் பிழியுங்கள். தோலைக் கசக்கி இறுதிச் சொட்டு வரை முறுக்காதீர்கள். வெள்ளைத் தோலின் கசப்பு இறங்கிவிடும்.

இனி டெக்கீலா. மதுக்கடை விற்பனையாளர் உங்களை இரண்டு பக்கமும் இழுப்பார். ஒரு பக்கம், ‘கோல்ட்’ என்று பொன்னிறத்தில் மின்னும் மலிவான புட்டி. டெக்கீலா என்று பெயர் வைக்க நீல அகாவே என்னும் கற்றாழை போன்ற மெக்சிகோச் செடியின் சர்க்கரை 51 விழுக்காடு இருந்தாலே சட்டப்படி போதும். மிச்சத்தைக் கரும்பு முதலிய வேறு சர்க்கரையால் நிரப்பிக்கொள்ளலாம். மலிவான கோல்ட் புட்டிகள் பெரும்பாலும் இந்தக் கலப்பு வகைதான், அந்தப் பொன்னிறமும் பீப்பாயில் ஊறி வந்ததல்ல, காரமெல் நிறமி. மறுநாள் தலைவலியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சுவையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மறு பக்கம், நடிகர் பெயர் போட்ட, கனமான கண்ணாடிக் குடுவையில் வரும் விலையுயர்ந்த புட்டி. ஒருமுறை நான் விருந்து வேலைக்காக வாங்கப் போனபோது, இருபது டாலர் புட்டியைக் கையில் எடுத்தவனை, “விருந்தாளிகள் முன்னால் இதையா வைப்பீர்கள்?” என்று கேட்டே எண்பது டாலர் புட்டிக்கு நகர்த்தப் பார்த்தார் ஒருவர். மாங்கூழும் ஐஸும் சேர்ந்து அடிபடும் கோப்பையில் பீப்பாயில் ஊறிய நுட்பமெல்லாம் செத்துப்போகும். முகப்பில் ‘100% அகாவே’ என்றும் ‘பிளாங்கோ’ என்றும் இருக்கிற, நடுத்தர விலையுள்ள வெள்ளை டெக்கீலா போதும். ஆரஞ்சு மதுவில் மட்டும் மிக மலிவானதைத் தவிர்த்துவிடுங்கள். குவாந்த்ரோ போன்றவை 40 விழுக்காடு வீரியத்தில் வருகின்றன, மலிவான டிரிபிள் செக் அதில் பாதிகூட இல்லாமல் வெறும் பாகாக இருக்கும்.

சனிக்கிழமை விருந்து என்றால் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். டெக்சாஸில் மதுக்கடைகள் இரவு 9 மணிக்கு மூடிவிடும், ஞாயிறன்று திறக்கவே மாட்டார்கள். ஞாயிறு காலை 10 மணிக்கே மளிகைக் கடையில் வைனும் பீரும் விற்கலாம், டெக்கீலாவுக்கு மட்டும் திங்கள் வரை விரதம் என்பதில் என்ன தத்துவம் இருக்கிறதோ, அதைச் சட்டமியற்றியவர்களைத்தான் கேட்க வேண்டும். இந்தச் சட்டத்தால் வந்த இன்னொரு வில்லங்கம், மளிகைக் கடையில் ‘மார்கரிட்டா’ என்ற பெயரோடு விற்கும் புட்டிகள். காய்ச்சி வடித்த மதுவை மளிகைக் கடை விற்கக் கூடாது என்பதால், வைனை அடிப்படையாக வைத்து அதற்குச் சுவையேற்றி அந்தப் பெயரில் விற்கிறார்கள். அதில் டெக்கீலா ஒரு சொட்டும் கிடையாது. சின்ன எழுத்தில் அது அச்சிட்டிருக்கும், யார் படிக்கிறார்கள்?

உங்கள் கணவர் சொல்லும் இயந்திரத்துக்கு வருவோம். டாலஸ்காரர்களுக்கு இதில் பெருமை உண்டு. 1971-இல் மரியானோ மார்ட்டினஸ் என்ற உணவக உரிமையாளர், மென்மையான ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து உறைந்த மார்கரிட்டாவை அந்நகரில்தான் ஊற்றினார். அந்த இயந்திரம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வகை இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. கலவையில் சர்க்கரை ஓர் அளவுக்குக் கீழே போனால் உள்ளே பாறையாக உறைந்து, சுழலும் அலகு சிக்கிக்கொள்ளும். எனவே உணவகத்தில் நீங்கள் குடித்த மார்கரிட்டாவின் இனிப்பில் ஒரு பகுதி உங்கள் நாக்குக்காகப் போட்டதல்ல, இயந்திரத்துக்காகப் போட்டது. வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் தங்கள் மிக்ஸையே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும், சொந்தக் கூழையும் சாற்றையும் ஊற்றினால் பழுதுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று எழுதி வாங்குவதும் இந்தக் காரணத்தைச் சாக்காக வைத்துத்தான். வாடகை ஒரு தொகை, மிக்ஸ் ஒரு தொகை, கொண்டுவர ஒரு தொகை, கழுவித் தராவிட்டால் இன்னொரு தொகை. இவ்வளவும் கொடுத்த பிறகு உங்கள் கையில் இருப்பது, நீங்கள் எதிலிருந்து தப்பிக்க எனக்கு எழுதினீர்களோ அதே திகட்டல். நூறு பேர் வரும் திருமணம் என்றால் வேறு பேச்சு. பன்னிரண்டு பேருக்கு வேண்டாம்.

கணக்கு இதோ. ஒரு கோப்பைக்கு டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு மது 20, எலுமிச்சைச் சாறு 30, மாங்கூழ் 50, ஒரு சிட்டிகை உப்பு. பன்னிரண்டு கோப்பைக்கு டெக்கீலா 600 மில்லி. 750 மில்லிப் புட்டி ஒன்று போதும், மூன்று கோப்பைக்கு மிச்சமும் இருக்கும். ஆரஞ்சு மது 240, சாறு 360, அதாவது பெரிய பச்சைக் காய் பன்னிரண்டு, கைக்காவலாக மேலும் மூன்று. 850 கிராம் மாங்கூழ் டின் ஒன்று தாராளம். சர்க்கரையோ பாகோ வேண்டாம். சர்க்கரை சேர்க்காத கூழ் கண்ணில் பட்டால் அதையே எடுங்கள், அப்போது மட்டும் கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி அகாவே பாகு சேர்க்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் அதிகம் அரைபடும் பெங்களூரா, அதாவது தோத்தாபுரி, அல்போன்சாவைவிடப் புளிப்பானது. அந்தக் கூழ் கிடைத்தால் இந்தப் பானத்துக்கு அல்போன்சாவைவிடப் பொருந்தும் என்பது என் கட்சி.

முந்தின நாளே செய்யலாமா என்றீர்கள். பாதி செய்யலாம். டெக்கீலா, ஆரஞ்சு மது, கூழ் மூன்றையும் வெள்ளி இரவே கலந்து, ஜிப் வைத்த பைகளில் தட்டையாக ஊற்றி உறைபெட்டியில் படுக்கவையுங்கள். மது இருப்பதால் கல்லாக உறையாது, குழைந்த பனியாக நிற்கும். சாற்றைச் சனிக்கிழமை மாலை பிழிந்து அப்போது சேருங்கள். இரவெல்லாம் கிடந்த சாற்றில் மணம் போய்விடும். ஒரே தடவையில் பன்னிரண்டு பேருக்கு அடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று கோப்பைக்கான கலவை 450 மில்லி, ஐஸ் ஏறத்தாழ 400 கிராம். நான்கு தடவை ஓட்டுங்கள். முதலில் கலவை, மேலே ஐஸ். பிளெண்டரின் சத்தத்தைக் கவனியுங்கள்: கடகடவென்று உருளும் ஓசை நின்று, ஒரே சீரான முனகலாக மாறி, நடுவில் தொப்புள் போல ஒரு குழி விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நொடியும் ஐஸை உருக்கும் நொடிதான். தண்ணீர்த்தன்மைக்கு இன்னும் அஞ்சினால் ஐஸில் பாதியைக் குறைத்து, அந்த எடைக்கு உறைந்த மாம்பழத் துண்டுகளைப் போடுங்கள். அப்போது கூழைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பழத்தைச் சேர்த்தாலும் எலுமிச்சையைக் குறைக்காதீர்கள் என்று சொன்னேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விருந்தில் ஒருவராவது “புளி மார்கரிட்டா மெக்சிகோவில் குடித்திருக்கிறேன், உங்கள் வீட்டில்தான் புளி இருக்குமே” என்று கேட்பார். மெக்சிகோவில் அது உண்மையிலேயே பெயர் பெற்றது. புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் வருவது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தோடு சேரும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பல்லைக் கூசவைக்கும். அதனால் இதில் சாறு பழைய 15 மில்லிக்கு இறங்க வேண்டும். நான்கு கோப்பைக்கு எலுமிச்சை அளவு புளியை அரை கோப்பை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, கோதில்லாமல் வடிகட்டுங்கள். புதுப் புளியாக இருக்க வேண்டும். இருண்டுபோன பழம்புளி குழம்புக்கு நல்லது, இங்கே ஆகாது. டப்பாவில் தார் போல வரும் கறுத்த புளி விழுதைத் தொடவே தொடாதீர்கள், அதில் காய்ச்சிய வாடை இருக்கும், பானம் முழுக்க ரசவாடை அடிக்கும். மாங்கூழில் இருந்த இனிப்பு இதில் இல்லையாதலால் கோப்பைக்கு ஒன்றரை மேசைக்கரண்டி பாகு தேவை. மெக்சிகர்கள் பிலோன்சியோ என்னும் கூம்பு வெல்லத்தைப் போடுகிறார்கள். உங்கள் வீட்டு வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டினால் அதேதான். ஊறவைக்கும் நீரில் உப்புப் போட வேண்டாம், கோப்பையின் விளிம்பில் இருப்பது போதும்.

விளிம்புக்கு மேசை உப்பு வேண்டாம், பரல் உப்பை நொறுக்கிக்கொள்ளுங்கள். எலுமிச்சைத் துண்டால் பாதி விளிம்பை மட்டும் தடவித் தோய்த்தால், வேண்டாதவர்கள் மறுபக்கம் குடித்துக்கொள்வார்கள். மாம்பழத்துக்கு மிளகாய்த் தூளும் உப்பும் பொருந்தும் என்பதைப் பள்ளிக்கூட வாசலில் கீற்றுப் போட்ட மாங்காய் தின்றவர்களுக்கு நான் கற்பிக்கத் தேவையில்லை. மெக்சிகர்கள் அதற்கே தஹீன் என்ற தூளைப் புட்டியில் விற்கிறார்கள். உங்கள் மிளகாய்த் தூள் காரம் கூடியது என்றால் உப்பு மூன்று பங்குக்கு அது ஒரு பங்கு.

மேலே சொன்ன அளவில், ஆரஞ்சு மது 40 விழுக்காடு வீரியம் உள்ளதாக இருந்தால், ஒரு கோப்பையில் 28 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு மதுபான அளவு என்பது சுமார் 18 மில்லி. ஒரு கோப்பை குடித்தவர் ஒன்றரைக்கும் மேல் குடித்திருக்கிறார், இனிப்பும் குளிர்ச்சியும் அதை நாக்குக்குத் தெரியவிடாது. வண்டி ஓட்டிப் போகிறவர்கள் யார் என்று முதல் கோப்பை ஊற்றும் முன்பே கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்குக் கூழ், சாறு, ஐஸ் மட்டும் அடித்து ஒரு குடுவை வைப்பீர்கள் அல்லவா, அதையும் பெரியவர்கள் குடுவையையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். இரண்டும் அச்சு அசலாக மாம்பழ லஸ்ஸி போலவே இருக்கும். குழந்தைகளுடையதை முதலில் அடியுங்கள், வேறு நிறக் குடுவையில் ஊற்றுங்கள், அதன் பிறகே டெக்கீலா புட்டியைத் திறங்கள்.