சின்ன வெங்காயம்: நட்ட காயிலிருந்தே அடுத்த நடவு (கேள்வி பதில்)

வீட்டுத் தோட்டத்தில் சின்ன வெங்காயம் வளர்ப்பது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, பதினைந்து ஆண்டுகளாக ஒரே வழிக் காயை நட்டும் எடுத்தும் வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சின்ன வெங்காயம் பல்லாண்டுப் பயிர் என்கிறீர்களே, அப்படியானால் பறிக்காமல் மண்ணிலேயே விட்டுவிடலாமா?

பதில்: இயல்பால் அது பல்லாண்டுப் பயிர்தான். ஒரு காயை ஊன்றினால் அது அடியில் பிரிந்து ஐந்தாறு காய்கள் கொண்ட கொத்தாகிறது. அவை ஒவ்வொன்றும் அடுத்த நடவில் தனக்கென ஒரு கொத்தை உண்டாக்கும். ஆனால் தாள் (வெங்காயத்தின் இலை) காய்ந்து, காய் ஓய்வுக்குப் போயிருக்கும் நாட்களில் நம் ஊர் மழை ஒன்று விழுந்தாலே மண்ணுக்குள் இருக்கும் கொத்து அழுகத் தொடங்கிவிடும். ஆகவேதான் நாம் அதை எடுத்து, உலர்த்தி, ஓய்வு கொடுத்து, மறுபடி நடுகிறோம். என் பாத்தியில் இப்போது நிற்பது, திண்டுக்கல் பக்கத்து உறவினர் ஒருவர் முதலில் கொடுத்த ஒரு படிக் காயின் வழி வந்ததே.

கேள்வி: கடையில் வாங்கிய காயை நட்டேன் ஐயா. பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. என் மண்ணில் குறையா?

பதில்: மண்ணைக் குறை சொல்வதற்கு முன் காயைப் பாருங்கள். அறுவடையான புதுக்காய்க்கு உறக்கம் உண்டு. அது கலையும் முன் நட்டால் சில முளைக்கும், சில அப்படியே கிடக்கும். ஒரு காயை எடுத்து நெடுக்குவாக்கில் இரண்டாக அரிந்து பார்த்தால் தெரிந்துவிடும். நடுவில் இளம்பச்சை முளை பாதி உயரத்துக்கு மேல் ஏறியிருந்தால் நடலாம். உள்ளே எல்லாம் வெள்ளையாகவே இருந்தால் இன்னும் சில வாரம் காற்றாட வைத்துக் காத்திருங்கள். நானும் தொடக்கத்தில் இதை அறியாமல், பறித்த பத்தாம் நாளே நட்டு ஒரு பாத்தியை இழந்திருக்கிறேன்.

கேள்வி: எந்த மாதத்தில், எவ்வளவு இடைவெளியில் நடுவது? மாடியில் பையில் வருமா?

பதில்: ஏப்ரல்–மே ஒரு பட்டம், அக்டோபர்–நவம்பர் இன்னொரு பட்டம். தரையில் என்றால் 45 செ.மீ. இடைவெளியில் பார் (மண்ணை உயர்த்திய நீள வரப்பு) பிடித்து, பாரின் இரு பக்கமும் 10 செ.மீ.க்கு ஒரு காய் ஊன்றுங்கள். காயின் நுனி மண் மட்டத்தில் தெரிய வேண்டும். ஆழப் புதைத்தால் காய் பருக்காது. பையிலும் நன்றாக வரும். வெங்காயத்தின் வேர் ஆழம் போவதில்லை என்பதால் பையின் ஆழத்தை விட அகலமும், அடியில் நீர் தேங்காத துளைகளுமே முக்கியம். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒன்று, பிறகு தரையில் வாரம் ஒருமுறை. மாடிப் பையில் மண் சீக்கிரம் காய்வதால் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். மக்காத சாணத்தை மட்டும் தயவுசெய்து இடாதீர்கள்.

கேள்வி: தாளில் வெள்ளி பூசியதுபோல் கோடுகள் விழுந்து, நுனி கருகுகிறது. என்ன நோய்?

பதில்: நோயன்று, இலைப்பேன். நடுத்தாள்கள் பிரியும் இடுக்கை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் ஊசிமுனை அளவுப் பூச்சிகள் நகர்வது தெரியும். லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் இடித்த வேப்பங்கொட்டையை இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் அந்த இடுக்கில் இறங்கும்படி தெளிக்க வேண்டும். தாளின் மேற்புறம் மட்டும் நனைந்தால் பயன் இல்லை.

கேள்வி: தாளைச் சமையலுக்குக் கிள்ளிக்கொண்டே காயும் எடுக்கலாமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

பதில்: தாளைக் கிள்ளக் கிள்ளக் காய் சிறுக்கும். தாளுக்கென்று ஒரு வரிசையைத் தனியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எப்போது பறிப்பது? அடுத்த நடவு வரை எப்படிக் காப்பது?

பதில்: ரகத்தைப் பொறுத்து 65 முதல் 90 நாட்களில் தாள்கள் கழுத்தில் துவண்டு சாயும். முக்கால் பங்கு சாய்ந்து காயத் தொடங்கியதும் பறிக்கலாம். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பச்சைத் தாளோடு அவசரப்பட்டுப் பிடுங்கிய காயின் கழுத்து மூடாது. அழுகல் உள்ளே நுழையும் வழி அதுதான். பறித்ததைக் கழுவாமல், தாளை அறுக்காமல், நிழலில் பரப்பி, கழுத்து சருகாகும் வரை உலர்த்துங்கள். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்து விவசாயிகள் தரையில் படாமல், காற்று உள்ளே புகுந்து போகும்படி பட்டறை (வெங்காயத்தைச் சேமிக்கும் அமைப்பு) போட்டு வைப்பார்கள். வீட்டில் அதே வேலையை, காய்ந்த தாளைப் பிடியாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவது செய்துவிடும். பாலித்தீன் பையில் மட்டும் கட்டி வைக்காதீர்கள்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் திரண்ட காயையெல்லாம் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சிறுகாயையும் நோய்ப்பட்டதையும் விதைக்கு ஒதுக்குகிறோம். காயின் அடிப்பக்கத்திலிருந்து அழுகும் அடித்தாள் அழுகல் என்ற நோய் காயோடு காயாகவே அடுத்த பாத்திக்குப் போகும். ஆகவே பறிக்கும் அன்றே, ஒரு காய்கூட அழுகாத கொத்துகளாகப் பார்த்து, அவற்றிலிருந்து நடுத்தரக் காய்களை முதலில் பிரித்துத் தனியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். சமையலுக்கு எடுப்பது அதன் பிறகு இருக்கட்டும்.