புல்நோய் ஆய்வுக்கு நிதி திரட்டும் குதிரைக் காட்சி: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் கிழக்கில் உள்ள ஆங்கஸ் வட்டாரத்தில் குதிரை மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குதிரைகளுக்கு வரும் புல்நோயைப் பற்றிய ஆய்வுக்காக நடத்தப்படும் குதிரை, மட்டக்குதிரைக் காட்சிகளில் மருத்துவராகவும் அமைப்பாளராகவும் இருந்திருக்கிறேன். காட்சி நடத்துவது பற்றியும் தொற்று நோய்கள் பற்றியும் கேட்பவர்களுக்கு விரிவாகப் பதில் சொல்வேன். குதிரை விலை, பந்தயம், சவாரிப் பயிற்சி ஆகியவை என் துறை அல்ல. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: மைதானத்தில் பொதுத் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள்.

டண்டீ வாசகி: எங்கள் சவாரிச் சங்கத்தில் இரண்டு குதிரைகள் புல்நோயில் இறந்துவிட்டன. ஆய்வுக்கு உதவ ஒரு நாள் காட்சி நடத்த விரும்புகிறோம். வருபவர்களுக்கு இந்த நோயை எப்படி விளக்குவது, அம்மா?

இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். 1907ஆம் ஆண்டு கிழக்கு ஸ்காட்லாந்தில் அடையாளம் காணப்பட்ட இதற்கு, நூறாண்டுக்கு மேலாகியும், உறுதிப்பட்ட காரணமும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மேய்ச்சலில் இருக்கும் குதிரைகளையே பெரும்பாலும் தாக்கும். இரண்டு வயது முதல் ஏழு வயது வரை உள்ளவை அதிகம் பாதிக்கப்படும். ஏப்ரல் முதல் ஜூலை வரை, குறிப்பாக மே மாதத்தில், அதிகமாக வரும். குடலை நம் விருப்பத்தைக் கேளாமல் தானே இயக்கும் நரம்புச் செல்கள் அழிந்துபோவதால் குடல் அசைவற்று நின்றுவிடுகிறது. விழுங்க முடியாமை, இமை தொங்குதல், தசை நடுக்கம், திட்டுத் திட்டாக வியர்த்தல், வயிறு ஒட்டிப்போதல் ஆகியவை அறிகுறிகள். தீவிர வகையில் வந்தால் ஓரிரு நாளில் மரணம்தான். நாள்பட்ட வகையில் மட்டும், மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து ஊட்டிப் பராமரித்தால், சில குதிரைகள் பிழைக்கின்றன.

மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரி குதிரையின் குடலுக்குள் நஞ்சை உண்டாக்குகிறது என்பது ஒரு கருதுகோள். அது 1920களிலேயே முன்வைக்கப்பட்டு, கைவிடப்பட்டு, பிறகு மீண்டும் உயிர்பெற்றது. இன்றுவரை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. பூஞ்சை நஞ்சு என்று கருதுவோரும் உண்டு. தென் அமெரிக்காவின் படகோனியாப் பகுதியிலும் இதே நோய் ‘மால் செக்கோ’ என்ற பெயரில் இருக்கிறது. பிரிட்டனின் காட்டு முயல்களிடமும் இதை ஒத்த நோய் காணப்பட்டிருக்கிறது. இத்தனை தடயங்கள் சிதறிக் கிடக்கும்போது மாதிரிகளைச் சேகரிப்பதும் ஒப்பிடுவதும்தான் வேலை, அதற்குத்தான் பணம் தேவை. 1988இல் தொடங்கப்பட்ட ஈக்வைன் கிராஸ் சிக்னெஸ் ஃபண்ட் என்ற புல்நோய் நிதியம், எடின்பரோ அருகிலுள்ள மோர்டன் என்ற கால்நடை நோய் ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து இந்த நிதியைக் கையாள்கிறது. முன்கூட்டியே அவர்களுக்கு எழுதி, அவர்களுடைய பெயரைப் பயன்படுத்த அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். விளம்பரத் தட்டியில் சாகும் குதிரையின் படத்தைப் போடாமல் அறிகுறிகளை எழுதுங்கள். படம் இரக்கத்தைத்தான் தரும், அறிகுறி தெரிந்தவரோ சரியான நேரத்தில் மருத்துவரை அழைப்பார்.

பெர்த் வாசகர்: புல்நோய் வந்த பண்ணையிலிருந்து ஒரு குதிரை காட்சிக்கு வந்தால் மற்றவற்றுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. குதிரையிடமிருந்து குதிரைக்குப் பரவும் நோய் அல்ல அது.

ஃபோர்ஃபர் வாசகர்: எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் வயலில் சில ஆண்டுகளுக்கு முன் புல்நோய் வந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே நடத்தலாமா?

மேலே சொன்னதற்கு மறுபக்கம் இது: நோய் குதிரையைத் தொடர்வதில்லை, நிலத்தைத் தொடர்கிறது. முன்பு நோய் கண்ட நிலத்தில் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு அதிகம். மண்ணைக் கிளறிய இடங்களிலும், புதிய வயலுக்கு அண்மையில் மாற்றப்பட்ட குதிரைகளிடமும் அபாயம் கூடுகிறது. எனவே வேறு வயலைத் தேடுங்கள், அல்லது மணல் பரப்பிய சவாரித் திடலை வாடகைக்கு எடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வைத்து, ஒரு குதிரையும் அங்கே புல் கடிக்கக்கூடாது, கொண்டுவந்த வைக்கோல் வலையிலிருந்து மட்டுமே தின்ன வேண்டும் என்று அறிவியுங்கள். ஜூன் மாதத்தைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இங்கிலிஸ்டனில் ராயல் ஹைலேண்ட் ஷோ என்ற பெரிய வேளாண் கண்காட்சி நடக்கும் மாதம் அது, நடுவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

எந்த வயலானாலும் வேலியோரமாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். சிக்கமோர் மரத்தின் விதையும் முளையும் தசைகளைச் சிதைக்கும் நஞ்சு. மஞ்சள் பூப்பூக்கும் ராக்வொர்ட் கல்லீரலைக் கெடுக்கும், காய்ந்த பிறகும் அதன் நஞ்சு போகாது. வயலில் ஏற்கெனவே ஒரு தொட்டி இருந்தால் அதைக் கவிழ்த்து வையுங்கள்.

இன்வர்னஸ் வாசகி: என்னென்ன பிரிவுகள் வைக்கலாம், அக்கா? எங்களில் பாதிப் பேர் குழந்தைகள்.

அப்படியானால் காலையைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திவர, சின்னப் பிள்ளை மட்டக்குதிரைமேல் அமர்ந்து வரும் லீட் ரெய்ன் பிரிவுக்குத்தான் பாட்டிமார் முதல் எல்லோரும் வருவார்கள். தேநீர்க் கடைக்கு வருமானம் அவர்களால்தான். மதியத்தில் பிரிட்டனின் சொந்த இனங்களுக்கு ஒரு பிரிவு வையுங்கள். ஹைலேண்ட், ஷெட்லாண்ட், ஃபெல், டேல்ஸ் போன்றவை ஒரே வளையத்தில் நிற்பது பார்க்கவே அழகு; உங்கள் ஊரில் ஹைலேண்ட் இனத்துக்குப் பஞ்சமிராது. ஷெட்லாண்டின் உயரம் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மட்டக்குதிரை என்று கொள்ளப்படும் மேல் வரம்பு பொதுவாக 148 சென்டிமீட்டர். ஆனால் சங்கக் காட்சியில் அளவுகோலை எடுத்துக்கொண்டு சண்டையிட வேண்டாம். வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்பப் பிரிப்பதே போதும். மூத்த குதிரைகளுக்கு ஒரு பிரிவும், மீண்டு வந்த குதிரைகளுக்கு ஒரு பிரிவும் கட்டாயம் வேண்டும். புல்நோயிலிருந்து பிழைத்த ஒரு குதிரை அந்த வளையத்தில் நடந்தால், உங்கள் ஒலிபெருக்கி அறிவிப்புகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அது செய்துவிடும்.

தரச்சான்று பெற்ற தலைக்கவசம் இல்லாமல் யாரும் குதிரைமேல் ஏறக் கூடாது. தந்தை கெஞ்சினாலும் கூடாது.

கிளாஸ்கோ வாசகர்: நுழைவுக் கட்டணத்துக்கு கிஃப்ட் எய்ட், அதாவது நன்கொடைக்கு அரசு சேர்த்துத் தரும் தொகை, பெற முடியுமா? பரிசுச் சீட்டு விற்க அனுமதி வேண்டுமா?

முடியாது, கட்டணம் செலுத்துபவர் போட்டியில் கலந்துகொள்ளும் உரிமையைப் பெறுகிறார், அது நன்கொடை அல்ல. பரிசுச் சீட்டுக்கும் கிஃப்ட் எய்ட் இல்லை. தனியாக ஒரு நன்கொடைப் பெட்டியும் கையொப்பப் படிவமும் வைத்தால், வரி செலுத்துபவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகத் தொண்டு நிறுவனத்துக்குப் போகும்.

பரிசுச் சீட்டைக் காட்சி நாளில், காட்சி நடக்கும் இடத்தில் மட்டும் விற்றால் அனுமதி தேவையில்லை; ஆனால் வசூலிலிருந்து பரிசுகளுக்கு 500 பவுண்டுக்கு மேலும், ஏற்பாட்டுச் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே கடை கடையாக விற்கத் தொடங்கினால் சட்டம் வேறு. உள்ளாட்சியில் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஸ்டர்லிங் வாசகர்: குதிரைகளுக்கு வரும் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கான தடுப்பூசியைக் கட்டாயமாக்க வேண்டுமா? கட்டாயமாக்கினால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

கட்டாயமாக்குங்கள். நுழைவாயிலில் குதிரையின் அடையாள ஏடான பாஸ்போர்ட்டைத் திறந்து ஊசிப் பக்கத்தைப் பார்த்த பிறகே வண்டியின் சாய்தளம் இறங்க வேண்டும். பயணத்தில் குதிரையோடு பாஸ்போர்ட் இருக்க வேண்டும் என்பது எப்படியும் சட்டம்தான். 2021 மார்ச் முதல் ஸ்காட்லாந்தில் மைக்ரோசிப்பும் கட்டாயம்.

அபர்டீன் வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள், டாக்டர். 2019இல் காய்ச்சல் கண்ட பந்தயக் குதிரைகள் ஊசி போடப்பட்டவைதானே? அப்புறம் ஊசியால் என்ன பயன்?

நல்ல கேள்வி, பாதி உண்மையும் கூட. அந்த ஆண்டு பிப்ரவரி 7 முதல் பிரிட்டன் முழுவதும் பந்தயம் நிறுத்தப்பட்டு 13ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. முதலில் உறுதிசெய்யப்பட்டவை ஊசி போடப்பட்ட குதிரைகள்தான். வைரஸ் மெல்ல மெல்ல மாறுகிறது, ஊசியின் பாதுகாப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு ஊசியே வேண்டாம் என்பதல்ல, ஆண்டுக்கு ஒருமுறை என்ற இடைவெளி கூட்டம் கூடும் இடத்துக்குப் போதாது என்பதே. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஆறு மாதமும் 21 நாளும் என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

அபர்டீன் வாசகர்: அது சர்வதேசப் போட்டி. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஷெட்லாண்ட் மட்டக்குதிரையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்கும் அதே விதியா?

வைரஸுக்குப் போட்டியின் தரம் தெரியாது. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2007 ஆகஸ்டு வரை அந்நாட்டுக் குதிரைகளிடையே இந்தக் காய்ச்சல் பரவியதே இல்லை, ஆகவே யாரும் ஊசி போடவில்லை. இறக்குமதிக் குதிரைகளைத் தனிமைப்படுத்தும் நிலையத்திலிருந்து வைரஸ் வெளியேறியபோது, அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததில் நியூ சவுத் வேல்ஸின் மெயிட்லாண்டில் நடந்த ஒரு குதிரையேற்ற நிகழ்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. வந்தவர்கள் உலகச் சாம்பியன்கள் அல்லர். வார இறுதியில் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மாலையில் வீடு திரும்பிய சாதாரண மக்கள். அவர்களோடு வைரஸும் வீடு போயிற்று. நோய் பரவுவதற்கு அரண்மனை லாயம் தேவையில்லை, ஒரு வயலும் ஒரு இருமலும் போதும்.

ஸ்டர்லிங் வாசகர்: ஆனால் வருமானம் குறையுமே. நிதி திரட்டத்தானே நடத்துகிறோம்?

குறையும், மறுக்கவில்லை. குதிரை நோய் ஆய்வுக்கென்று நடத்தும் காட்சியே ஒரு நோயைப் பரப்பினால், அடுத்த ஆண்டு உங்கள் பெயரைச் சொல்லி ஒருவரிடமும் ஒரு பவுண்டு வாங்க முடியாது என்பதையும் கணக்கில் சேருங்கள். குதிரை இல்லாமல் வர விரும்புபவர்களுக்கு நாய்ப் போட்டி, கேக் போட்டி, பழைய சேண விற்பனை என்று வழிகள் இருக்கின்றன. விதியை ஆறு மாதம் முன்னதாக அறிவித்தால், இதுவரை ஊசியே போடாதவர்களும் முதல் இரண்டு ஊசிகளை முறைப்படி முடித்துவிடலாம். கடைசி வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டு வருபவர்களை அனுமதிக்காதீர்கள். ஏழு நாளாவது கடந்திருக்க வேண்டும்.

ஃபைஃப் வாசகி: வெற்றிக்கு எந்த நிற ரோசெட் (பரிசு நாடாப் பூ)?

பிரிட்டனில் முதல் பரிசுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம். அமெரிக்கக் கடையில் வாங்கினால் இரண்டும் தலைகீழாக வரும்.

டண்டீ வாசகர்: தடுப்பூசி பற்றி ஒரு சந்தேகம். வயதான குதிரைக்கு விலக்கு உண்டா?

இல்லை. ஸ்டர்லிங் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

எடின்பரோ வாசகி: தொட்டி வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, ஏன்?

ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்று நோய் காரணமாக. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வை என்ற நுண்ணுயிரி தொண்டைச் சுரப்பிகளில் சீழ்க்கட்டியை உண்டாக்குகிறது. சீழும் மூக்குச்சளியும் கலந்த தண்ணீர் அதற்குச் சிறந்த வாகனம். மீண்டுவிட்டதாகத் தோன்றும் குதிரைகளில் சில, தொண்டையருகே உள்ள பைகளில் கிருமியை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், வெளித்தெரியாமல் சுமக்கும். ஆகவே பளபளக்கும் குதிரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொருவரும் சொந்த வாளியைக் கொண்டுவர வேண்டும். குழாயின் முனையை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தக் கூடாது. அடுத்தவர் குதிரையின் மூக்கைத் தடவிவிட்டுத் தன் குதிரையிடம் போகக் கூடாது. புதிதாகத் தொற்றிய குதிரைக்குக் காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாள் கழித்தே கிருமி வெளியேறத் தொடங்கும் என்பதால், காட்சிக்கு முந்தைய சில நாட்கள் காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். 38.5 டிகிரி செல்சியசைத் தாண்டினால் வீட்டிலேயே இருக்கட்டும், கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் மறைத்துக் கொண்டுவருவார்கள்.

அந்தியூர் வாசகர்: ஐயா, எங்கள் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. இவையெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

நான் அம்மா, பரவாயில்லை. வாளியும் தொட்டியும் அப்படியே பொருந்தும். ஆனால் உங்கள் முதல் கவலை கிளாண்டர்ஸ் நோயாக இருக்க வேண்டும். பிரிட்டனில் இல்லாத அந்நோய் இந்தியாவில் 2006க்குப் பிறகு மீண்டும் பல மாநிலங்களில் தலைகாட்டியது. மனிதருக்கும் தொற்றும், உயிரைப் பறிக்கும். சந்தேகம் வந்தால் அரசு கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பது சட்டக் கடமை. இரத்த மாதிரியை ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆய்வு மையத்துக்கு அனுப்புவார்கள். மேற்கொண்டு உங்கள் மாவட்டக் கால்நடைத் துறையைக் கேளுங்கள்.

பெர்த் வாசகி: என் குதிரை இரண்டு நாளாக நொண்டுகிறது, என்ன மருந்து கொடுக்கலாம்?

உங்கள் மருத்துவரை அழையுங்கள். எழுத்தில் குளம்பைப் பார்க்க முடியாது.

லண்டன் வாசகர்: ஆய்வுக்குக் கொடுப்பதைவிடக் கைவிடப்பட்ட குதிரைகளின் காப்பகத்துக்குக் கொடுப்பது மேல் அல்லவா? அங்கே பணம் கண்ணுக்குத் தெரிகிறது.

தெரிகிறது என்பதுதான் சிக்கல். காப்பகத்தில் தீவனத்தைப் படம் எடுக்கலாம். ஆய்வகத்தின் உறைபெட்டியைப் படம் எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். 1942இல் தொடங்கப்பட்டு, பின்னர் நியூமார்க்கெட் அருகே இயங்கிய அனிமல் ஹெல்த் ட்ரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம், மேலே நாம் சண்டையிட்ட 2019 காய்ச்சலை உறுதிசெய்த ஆய்வகத்தை நடத்தியது. அடுத்த ஆண்டே, 2020இல், பணமில்லாமல் அது மூடப்பட்டது. நோய்க் கண்காணிப்புப் பணி பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு மாறித் தொடர்கிறது என்றாலும், பல்லாண்டு பழகிய ஒரு குழு கலைந்தால் அதைப் பணத்தால் மட்டும் மறுபடி சேர்த்துவிட முடியாது. காப்பகத்துக்கும் கொடுங்கள், ஆனால் ஆய்வுக்கு ஆண்டுதோறும் வரும் சிறுதொகை, ஒரே ஒருமுறை வரும் பெருந்தொகையைவிடப் பயனுள்ளது.

கிளாஸ்கோ வாசகி: ஊசிப் பதிவேட்டுக்குப் பதில் மருத்துவரின் கடிதம் போதுமா?

பாஸ்போர்ட். பாஸ்போர்ட் மட்டும்.

டண்டீ வாசகி: கடைசியாக, காட்சி முடிந்ததும் என்ன செய்ய வேண்டும், அம்மா?

வந்த ஒவ்வொரு குதிரையின் பெயர், உரிமையாளரின் தொலைபேசி எண், வண்டி நின்ற இடம் ஆகியவற்றைக் குறைந்தது மூன்று வாரம் பத்திரமாக வைத்திருங்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் வெளிப்பட இரண்டு வாரம் வரை ஆகலாம். ஒரு குதிரைக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அன்றே எல்லோருக்கும் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். கணக்கில் மொத்த வசூலை மட்டும் அறிவிக்காமல், செலவையும் மிச்சத்தையும் சேர்த்து வெளியிட்டு, மிச்சத்தை ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். வாளிகளை வெயிலில் காயவைக்க மறக்க வேண்டாம்.