மாடல் ஏன் முள்ளுப் புதராக விரிகிறது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை. ராத்திரியில் பைத்தான் பழகுகிறேன். 1996-இல் வந்த குவேக் விளையாட்டின் பாக் கோப்பைப் (விளையாட்டின் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை) பிரித்து, உள்ளே இருந்த எம்டிஎல் மாடலை (முப்பரிமாண உருவம்) எடுத்துவிட்டேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் போட்டால் சீமைக் கருவேல முள் மாதிரி நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்கிரிப்ட்டை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு? (பல்லடம் வாசகர்)

பதில்: பாக்கைச் சரியாகப் பிரித்திருக்கிறீர்களுங்க தம்பி. கார்ட்டனும் பேக்கிங் லிஸ்ட்டுமாகப் புழங்குகிற கைக்கு அது பெரிய விஷயமில்லை. முதல் 12 பைட்டில் ஓர் அடையாளம், லிஸ்ட் இருக்கும் இடம், லிஸ்ட்டின் நீளம். லிஸ்ட்டில் கோப்புக்கு 64 பைட்: பெயருக்கு 56, இருப்பிடத்துக்கு 4, அளவுக்கு 4. அமுக்கம்கூடக் கிடையாது.

சிக்கல் அடுத்த படியில். உருவத்தின் ஒரு புள்ளிக்கு மூன்று ஃப்ளோட் (4 பைட் தசம எண்), அதாவது 12 பைட் என்று எடுத்துக்கொண்டு படிக்கிறீர்கள். இன்றைய மாடல்களுக்கு அது பெரும்பாலும் சரி. அந்தக் காலத்தில் மெமரி குறைவு. எனவே குவேக்கில் ஒரு புள்ளி மொத்தமே 4 பைட்தான். எக்ஸ், ஒய், இசட்டுக்கு ஆளுக்கொரு பைட். நாலாவது பைட், 162 திசைகள் கொண்ட அட்டவணையில் அந்தப் புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் குறிக்கும் எண்.

120, 80, 200, 100 என்று நாலு பைட் இருக்கிறது என்று வையுங்கள். இது ஒரே ஒரு புள்ளி. இதையே ஃப்ளோட்டாகப் படித்தால், கடைசியில் இருக்கிற அந்தத் திசை எண் போய், எண் எவ்வளவு பெரியது என்று தீர்மானிக்கிற அடுக்கில் (எக்ஸ்போனன்ட்) உட்கார்ந்துகொள்ளும். கிடைப்பது 23 இலக்க எண். பக்கத்துப் புள்ளியின் திசை எண் 20 என்றால் பூஜ்ஜியத்தோடு ஒட்டிக்கொள்ளும். முள் முளைப்பது இப்படித்தான்.

சரி, திருத்தம். எம்டிஎல் கோப்பில் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி 8-வது பைட்டிலிருந்து மூன்று ஃப்ளோட் அளவு, 20-லிருந்து மூன்று ஃப்ளோட் நகர்வு. ஒவ்வொரு அச்சுக்கும் பைட்டை அளவால் பெருக்கி நகர்வைக் கூட்டுங்கள். 60-இல் புள்ளிகளின் எண்ணிக்கை, 64-இல் முக்கோணங்களின் எண்ணிக்கை. தனி பிரேமாக (அசைவின் ஒரு நிலை) இருந்தால், அது தொடங்கி 28 பைட் தள்ளித்தான் புள்ளிகள் வரும். அதற்கு முந்தைய 16 பைட்டில் பிரேமின் பெயர். ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) பெயர் கண்ணுக்குத் தெரிந்தால் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

அப்புறமும் முகங்கள் பின்னிக்கொண்டால் முக்கோணத்தைப் பாருங்கள். ஒன்றுக்கு 16 பைட். முதல் 4 பைட் முன்பக்கமா பின்பக்கமா என்ற குறி. நானும் முதல் தடவை அதைத் தாண்ட மறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளவையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நிறம் தனியாக இருக்கிறது: அதே பாக்கில் பேலட் (நிறப் பட்டியல்) கோப்பு, 256 நிறம், 768 பைட். இன்னொன்று, 1999-இல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியானது எஞ்சினின் நிரல்தான். மாடல்களுக்குப் பதிப்புரிமை உண்டு. வீட்டில் பிரித்துப் பழகுங்கள்; உங்கள் சொந்த விளையாட்டில் போட்டு விற்காதீர்கள்.