பிடிஎஃப் ஏன் மறுபடியும் பிரவுசரிலேயே திறக்கிறது?

ஒரு கோப்பை டபுள் கிளிக் செய்தால் எந்தச் செயலி திறக்க வேண்டும் என்று கணினி குறித்து வைத்திருப்பதுதான் இயல்புநிலைச் செயலி. விண்டோஸ் 10, 11-இல் இந்தக் குறிப்பு ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனி. ஜேபிஜி படங்களுக்கான செயலியை மாற்றினால் பிஎன்ஜி படங்களுக்கானது மாறாது; பலர் தடுமாறுவது இங்கேதான்.

குறிப்போடு ஒரு சரிபார்ப்புக் குறியீடும் சேமிக்கப்படுகிறது. வேறொரு மென்பொருள் நேரடியாகப் புகுந்து திருத்தினால் குறியீடு பொருந்தாது. கையெழுத்து பொருந்தாத காசோலையை வங்கி திருப்புவது போல, விண்டோஸ் அந்த மாற்றத்தைத் தள்ளிவிட்டுத் தன் சொந்தச் செயலிக்கே போய்விடும்; பிடிஎஃபுக்கு அது எட்ஜ் பிரவுசர். எரிச்சல்தான், ஆனால் கேட்காமல் இடம்பிடிக்கும் மென்பொருள்களைத் தடுக்கத்தான் இது.

சரி, நீங்களே மாற்றுங்கள்: கோப்பின் மேல் ரைட் கிளிக், ‘ஓப்பன் வித்’, ‘சூஸ் அனதர் ஆப்’, வேண்டிய செயலி, அப்புறம் ‘ஆல்வேஸ்’ (விண்டோஸ் 10-இல் ‘ஆல்வேஸ்’ என்று தொடங்கும் பெட்டியில் டிக் செய்து ‘ஓகே’).

இதனால் கோப்பே மாறிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள்; உள்ளே ஓர் எழுத்துகூட மாறாது.