‘அப்பா, திரும்ப எப்ப போறீங்க?’

கேள்வி: எனக்கு 36 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனமொன்றில் சேர்விஸ் பகுதியைப் பார்க்கிறேன். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை என்று அலைச்சல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டுபாய் அல்லது மாலைதீவு. மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. மகனுக்குப் பதினான்கு மாதம். மனைவி வங்கியில் வேலை செய்கிறார். போன கிழமை விடியற்காலை வீட்டுக்குள் வந்து பையை வைத்தபோது, மகள் எழும்பி வந்து கேட்ட முதல் கேள்வி, ‘அப்பா, திரும்ப எப்ப போறீங்க?’ சின்னவன் என்னிடம் வரவே மாட்டான். வந்த அன்றே எனக்கும் மனைவிக்கும் ஏதாவதொரு சின்ன விஷயத்தில் சண்டை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். வீட்டுக் கடன் விடவில்லை. மகளின் பிறந்தநாளன்று நான் மட்டக்களப்பில் நிற்பேன். டிசம்பரில் அவளுடைய பாலர் பாடசாலைக் கலைவிழா வரும் கிழமையே டுபாய்ப் பயணமும் வரும்போல் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

மகளின் கேள்வி உங்களைக் குத்தியிருக்கிறது. ஆனால் அவள் குத்துவதற்காகக் கேட்கவில்லை. நீங்கள் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று தெரிந்தால்தானே அவள் தன் விளையாட்டைத் திட்டமிடலாம்? ‘இப்பதானே வந்தனான், அதுக்குள்ள ஏன் கேக்கிறீங்க?’ என்று நீங்கள் முகம் வாடினால், அடுத்த முறை அவள் கேட்கமாட்டாள், மனதுக்குள் வைத்துக்கொள்வாள். ‘செவ்வாய்க்கிழமை போவன். அதுக்கு முதல் நாலு நித்திரை இருக்கு’ என்று சொல்லுங்கள். இந்த வயதில் ‘அடுத்த வியாழன்’ என்பதெல்லாம் வெறும் சத்தம். நித்திரைக் கணக்கு புரியும். ஒரு போத்தலில் நான்கு மணிகளைப் போட்டு, ஒவ்வொரு விடியலும் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்கும் அதே போத்தல்தான். ஒரு எச்சரிக்கை: திரும்பும் நாளை எப்போதும் ஒரு நாள் தள்ளியே சொல்லுங்கள். புதன் வருவீர்களென்றால் வியாழன் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் மெஷின் சரிவராமல் ஒரு நாள் கூடலாம், விமானம் பிந்தலாம். ஒரு நாள் முந்தி வரும் அப்பா கொண்டாட்டம். ஒரு நாள் பிந்தி வரும் அப்பா பொய்க்காரன்.

பிள்ளை அழும் என்று, அது நித்திரையாக இருக்கும்போது சொல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அம்மம்மாமாரும் அதற்குத்தான் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். கண்மூடித் திறப்பதற்குள் ஆள் காணாமல் போகலாம் என்று ஒருமுறை பழகிய பிள்ளை, நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் கண் மூடப் பயப்படும். ‘போறன்’ என்று சொல்லக்கூடாது, ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்லவேண்டும் என்று நம்மை வளர்த்தார்கள். அதை மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வாசலில் அதிகம் நிற்காமல் இறங்குங்கள். கொஞ்சம் அழட்டும். அழுது முடித்த பிள்ளை பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விடும்.

இது நமக்குப் புதிய பிரச்சினை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கொழும்பில் கிளார்க் வேலை, வீடு யாழ்ப்பாணத்தில், மாதக் கடைசியில் இரவு மெயில் ரயில் என்று ஒரு தலைமுறையே வாழ்ந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பயணம் இன்னும் இலகுவானது. என் தகப்பனும் அப்படி வந்துபோன ஒருவர்தான். எங்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் அப்பம்மா இருந்தார், வேலிக்கு அப்பால் சித்தி இருந்தார், அம்மா வேலைக்குப் போகவில்லை. உங்கள் வீட்டில், ஐந்தாம் மாடியிலோ ஆறாம் மாடியிலோ, வங்கியிலிருந்து களைத்து வந்த ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு தனியே இருக்கிறார். ஆகவே, ‘எங்கட அப்பாமாரும் இப்படித்தானே’ என்று யாராவது ஆறுதல் சொன்னால், நம்பாதீர்கள். பயண நாட்களின் எண்ணிக்கையைவிட, அந்த நாட்களில் வீட்டில் இன்னொரு கை இருக்கிறதா என்பதுதான் கணக்கு. மாமியாரோ, மணிக்கணக்கில் வரும் ஒரு உதவியாளரோ, பின்னேரம் இரண்டு மணித்தியாலம். பயணப்படி வருகிறதல்லவா, அதை முதலில் இதற்குச் செலவழியுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஆனால் உங்கள் கடிதம் முழுக்க இருக்கும் விஷயம்: நீங்கள் திரும்பி வரும் நாள். என்னிடம் வரும் குடும்பங்களில் பிரிவால் முறிந்ததைவிட, வரவால் முறிந்ததுதான் அதிகம்.

1987இல் காத்லீன் வெஸ்டல் லோகன் என்ற அமெரிக்கர், கடற்படை வீரர்களின் மனைவிமார் கணவரின் பயணத்தின்போது கடக்கும் மனநிலைகளை ஏழு கட்டங்களாக எழுதினார். புறப்படுவதற்கு முன்பே எரிச்சலும் விலகலும் தொடங்குகின்றன. பிறகு குழப்பம், பிறகு ஒரு நிதானம். கணவர் திரும்பியதும் வருவது சந்தோஷம் மட்டுமல்ல. குடும்பத்தின் ஒப்பந்தத்தை இருவரும் மறுபடி பேசித் தீர்க்கவேண்டிய ஒரு கட்டம் அது. மாதக்கணக்கில் கடலில் இருந்தவர்களுக்கு அது ஒருமுறை. உங்கள் வீட்டில் அது மாதம் மூன்று தடவை, சிறிய அளவில். நீங்கள் இல்லாத நான்கு நாளில் மனைவி தனக்கென ஒரு ஒழுங்கைக் கட்டியிருப்பார்: எட்டு மணிக்கு விளக்கணைப்பு, ரீவி இல்லை, சின்னவனுக்கு முதலில் சோறு. நீங்கள் வருகிறீர்கள், பாசத்தில் ஒன்பதரை வரை மகளோடு கும்மாளம். அவர் ஏதோ சொல்கிறார், சண்டை. காரணம் ‘சின்ன விஷயம்’ அல்ல.

ஆகவே வந்த முதல் நாள் எதையும் மாற்றாதீர்கள். அந்த வீட்டின் சட்டம் அன்று மனைவியுடையது. ‘இதை ஏன் இப்படி வச்சிருக்கு?’ என்ற வாக்கியத்தை இரண்டாம் நாள்வரை விழுங்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம், ‘அப்பா வரட்டும், சொல்லித் தாறன்’ என்று மனைவி மிரட்டுவாராயின் அதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வரும் பஸ்ஸில் பொலிஸ்காரரும் வருவதாகப் பிள்ளை நினைக்கும். வந்த கிழமையில் ஒரு பின்னேரம் மூன்று மணித்தியாலம் மனைவியை வெளியே அனுப்புங்கள். கோயிலோ, சிநேகிதி வீடோ, காலிமுகத்திடலில் சும்மா ஒரு நடையோ, அவர் விருப்பம். அந்த மூன்று மணித்தியாலத்தில் அவருக்குப் போன் எடுத்து ‘பால்மா எங்க?’ என்று கேட்கக்கூடாது.

இரவு பஸ் பற்றியும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் வேலை முடித்து இரவு ஏறி, விடிய காலி வீதியில் இறங்குகிறீர்கள். ஒரு நாள் மிச்சம் என்று அலுவலகம் சந்தோஷப்படும். மிச்சமான நாள் யாருடையது? நீங்கள் மத்தியானம்வரை படுத்திருக்க, வீட்டில் ஒரே கட்டளை: ‘சத்தம் போடாதீங்க, அப்பா நித்திரை.’ பிள்ளைகளுக்கு அப்பா வந்த நாள் என்றால் வாய் மூடவேண்டிய நாள். முடிந்த தடவைகளில் அங்கேயே படுத்துப் பகல் பயணமாக வாருங்கள். பின்னேரம் களைப்போடு, ஆனால் கண் திறந்த ஒரு ஆளாக வந்து சேர்வீர்கள்.

சின்னவன். எட்டு மாதமளவில் ஆள் பார்த்து அழத் தொடங்கும் பிள்ளை, ஒன்றரை வயதுவரை தாயை ஒட்டியே திரிவது வளர்ச்சியின் பகுதி. ஒரு குறிப்பிட்ட ஆளை அவன் தன் ஆளாக அடையாளம் வைத்திருக்கிறான் என்பது அதன் பொருள். பிரிந்தவர் திரும்பி வரும்போது பிள்ளை முகம் திருப்புவதை, குழந்தைகளின் பிரிவை ஆராய்ந்த ஜோன் பௌல்பியும் ஜேம்ஸ் றொபேர்ட்சனும் 1950களிலேயே கவனித்து எழுதினார்கள். தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தைகளைத்தான் அவர்கள் பார்த்தார்கள்; உங்கள் மகன் தாயோடு இருக்கிறான், இது அவ்வளவு கடுமையானதல்ல. என்றாலும் முகம் திருப்புவது வெறுப்பல்ல என்ற பாடம் இங்கும் பொருந்தும். வந்தவுடன் தூக்காதீர்கள். கைகால் கழுவி, அவனிருக்கும் தரையில், அவனைப் பார்க்காமல், மகளோடு ஏதாவது விளையாடிக்கொண்டு இருங்கள். அவனாக வந்து உங்கள் மணிக்கூட்டைப் பிடிப்பான். ‘அப்பாட்ட போ, போ’ என்று யாரும் தள்ளக்கூடாது. பிறகு ஒரு வேலையை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். நான் குளிப்பாட்டலைச் சொல்வேன். நீங்கள் வீட்டில் நிற்கும் நாளெல்லாம் அவனைக் குளிப்பாட்டுவது நீங்கள் மட்டும்தான். முதல் இரண்டு நாள் கத்துவான். மனைவி கதவடியில் நிற்கட்டும், உள்ளே வரவேண்டாம்.

வீடியோ கோல் விஷயத்தில் பெரும்பாலான அப்பாமார் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள்: விசாரணை. ‘சாப்பிட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க? ரீச்சர் என்ன சொன்னவா?’ மூன்றாம் கேள்வியோடு பிள்ளை ஓடிவிடும். கேட்பதை விட்டுக் காட்டுங்கள். ஹோட்டல் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, திருகோணமலையில் மான் வீதியில் நிற்கிறது, இன்று மெஷினுக்குள் எறும்பு புகுந்திருந்தது. ஒரு கதையைத் தொடங்கி இழுக்கும் இடத்தில் நிறுத்துங்கள், மிச்சம் நாளைக்கு. மூன்று நிமிடம் போதும். பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட வீடியோ கோலுக்கு விலக்குத் தந்திருக்கிறது, ஆகவே சின்னவனையும் மடியில் வைத்திருக்கலாம். நேரத்தை மட்டும் கணக்குப் பாருங்கள். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அங்கே இரவுச் சாப்பாடு முடித்து எட்டு மணிக்கு அழைத்தால் இங்கே ஒன்பதரை, மகள் நித்திரை. அங்கே ஆறு மணிக்கு, டாக்ஸியிலிருந்தாவது எடுங்கள். மாலைதீவு அரை மணித்தியாலம்தான் பின்னால், அங்கே சிக்கல் இல்லை.

பரிசுப்பொருள் ஒவ்வொரு முறையும் வேண்டாம். பை திறப்பதற்காகக் காத்திருக்கும் பிள்ளை உங்களுக்காகக் காத்திருப்பதில்லை.

வேலையை விடுவதா? கடனோடு, இரண்டு பிள்ளைகளோடு, இப்போதே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் முகாமையாளரோடு நீங்கள் இன்னும் கதைக்கவே இல்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ‘பயணத்தைக் குறையுங்கள்’ என்று கேட்டால் கிடைக்காது. ‘மட்டக்களப்பையும் திருகோணமலையையும் ஒரே சுற்றாக்கித் தாருங்கள், மாதத்தில் ஒரு கிழமை அவசர அழைப்பைத் தவிர கொழும்பில் வையுங்கள்’ என்று அட்டவணையோடு போங்கள். போயா விடுமுறைகள் வருடத் தொடக்கத்திலேயே தெரியும். அவற்றையொட்டி வீட்டில் நிற்கும் நாட்களைக் குறித்துக் கொடுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்கீழ் வருபவரென்றால், முழு வருடம் வேலை செய்தபின் உங்களுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கஷுவல் லீவும் உண்டு. அந்தப் 14இல் ஏழு நாளையாவது தொடர்ச்சியாக எடுக்கவேண்டும். எடுத்தீர்களா?

மகள் பல கிழமைகளாக இரவில் அலறி எழும்புகிறாள், விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வந்துவிட்டது, சாப்பாட்டை ஒதுக்குகிறாள் என்றால் அப்போது நான் சொன்னதோடு நிற்காதீர்கள். குழந்தை வைத்தியரிடமோ, பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பிறந்தநாளைத் தள்ளிவைக்கலாம். ஐந்து வயதில் கேக் வெட்டும் நாள்தான் பிறந்தநாள். நீங்கள் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை வெட்டுங்கள், முன்கூட்டியே அவளிடம் சொல்லி. கலைவிழாவைத் தள்ளிவைக்க முடியாது. மேடையில் மயில் வேஷமோ தக்காளி வேஷமோ போட்டு நின்றுகொண்டு, அவள் தன் வசனத்தை மறந்து கூட்டத்தில் உங்களைத் தேடுவாள். டுபாய்க்கு வேறொருவர் போகட்டும். டிக்கெட் போட்டபின் இல்லை, இந்தக் கிழமையே முகாமையாளரிடம் சொல்லிவிடுங்கள்.